மாற்று ராக், பாப் பங்க் இசையின் அதிகம் அறியப்படாத முன்னோடிகள்

மாற்று ராக், பாப் பங்க் ஆகியவை 1990களில் உலகெங்கும் பரவிய ராக் இசையின் இரு கிளைகள் ஆகும். அமெரிக்காவின் நிர்வாணா, கிரீன் டே ஆகிய குழுக்களின் பெயர்களுடன் இவை பெரும்பாலும் சேர்த்துப் பேசப்படுகின்றன. ஆனால் இவ்விசையின் விதைகள் 1970களிலும் 1980களின் தொடக்கத்திலுமே ஊன்றப்பட்டுவிட்டன. டெட்ராய்ட், போல்டன், டெர்ரி, டனீடன், செயின்ட் பால், ஒசாகா போன்ற ஊர்களில், பெரிய இசை நிறுவனங்களின் பார்வைக்கு அப்பால் இருந்த இளைஞர்கள் அவற்றை ஊன்றினர். அவர்களில் சிலர் தம் நாட்டில் புகழ்பெற்றனர். சிலர் முப்பது ஆண்டுகள் மறக்கப்பட்டிருந்தனர். இக்கட்டுரை அத்தகைய ஏழு குழுக்களின் தொடக்கக் காலத்தை விவரிக்கிறது.

சொற்களும் பொருளும்

பங்க் ராக் என்பது 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் பெயர்பெற்ற இசை முறை. மூன்று நான்கு கிதார் சுரக்கோவைகள், விரைவான தாளம், இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும் பாடல் ஆகியவை இதன் அடிப்படை. நீண்ட பயிற்சியோ விலையுயர்ந்த கருவிகளோ இதற்குத் தேவைப்படவில்லை. அமெரிக்காவின் ரமோன்ஸ், இங்கிலாந்தின் செக்ஸ் பிஸ்டல்ஸ் ஆகியவை இம்முறையின் முதன்மைக் குழுக்கள்.

பாப் பங்க் என்பது பங்கின் வேகத்துடன், எளிதில் முணுமுணுக்கத்தக்க மெட்டும் சேர்ந்த வடிவம். காதல், தோல்வி, பள்ளி, வீடு என அன்றாட வாழ்வே இதன் பாடுபொருள். மாற்று ராக் என்பது இதைவிட விரிந்த சொல். பெரிய நிறுவனங்களுக்கும் வணிக வானொலிக்கும் வெளியே, சிறு நிறுவனங்கள், கல்லூரி வானொலிகள் வழியாக வளர்ந்த ராக் இசை முழுவதையும் அது குறித்தது. ஆகவே ‘மாற்று’ என்ற சொல் தொடக்கத்தில் இசையின் ஒலியைவிட, அது மக்களைச் சென்றடைந்த வழியையே அதிகம் சுட்டியது.

பின்னணி

1970களில் ஒரு குழு தன் பாடலை இசைத்தட்டாக வெளியிடுவது எளிதாக இருக்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்க வேண்டும். ஒலிநாடாவில் பதிந்த பாடலை அரக்குப் பூசிய தட்டில் வரிப்பள்ளங்களாக வெட்ட வேண்டும். அதன்மீது உலோகம் படியவைத்து அச்சு எடுக்க வேண்டும். அந்த அச்சைக் கொண்டு ஆலையில் சூடான வினைலை அழுத்தினால்தான் தட்டு கிடைக்கும். அதன் பிறகு உறை, கடை, விளம்பரம் ஆகியவை உள்ளன. இவை அனைத்தும் பெரிய நிறுவனங்களின் கையில் இருந்தன. அந்நிறுவனங்கள் லண்டன், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய நகரங்களில் இருந்தன.

பாடல் எழுதும் இளைஞனுக்கும் கேட்கும் இளைஞனுக்கும் இடையில் இத்தனை வாயில்கள் இருந்தன. அவற்றைச் சுற்றிச் செல்லும் வழியைக் கண்டறிந்ததே இம்முன்னோடிகளின் முதல் சாதனை.

டெத் (டெட்ராய்ட்)

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் மோட்டார் தொழிலுக்கும், மோட்டவுன் நிறுவனத்தின் கறுப்பின இசைக்கும் பெயர்பெற்றது. அங்கு டேவிட், பாபி, டேனிஸ் ஹாக்னி என்னும் மூன்று கறுப்பினச் சகோதரர்கள் 1971-ஆம் ஆண்டு ஒரு குழுவைத் தொடங்கினர். டேவிட் கிதாரும், பாபி பேஸ் கிதாரும், டேனிஸ் டிரம்ஸும் வாசித்தனர். பாடுபவர் பாபி. முதலில் அவர்கள் ஃபங்க் இசையே வாசித்தனர். தி ஹூ, ஆலிஸ் கூப்பர் ஆகியோரின் நிகழ்ச்சிகளைக் கண்ட பிறகு ராக்கின் பக்கம் திரும்பினர். கறுப்பின இளைஞர்கள் ராக் வாசிப்பதை அவர்கள் வாழ்ந்த பகுதியில் பலர் விரும்பவில்லை. ‘வெள்ளையர் இசை’ என்றே அது கருதப்பட்டது.

அவர்களுடைய தந்தை ஒரு விபத்தில் இறந்தார். அதன்பின் குழுவுக்கு ‘டெத்’, அதாவது ‘மரணம்’ என்று டேவிட் பெயரிட்டார். மரணத்தை அஞ்சத்தக்க ஒன்றாகப் பார்க்காமல், வாழ்வின் தொடர்ச்சியாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1975-ஆம் ஆண்டு டெட்ராய்ட்டின் யுனைட்டட் சவுண்ட் கூடத்தில் ஏழு பாடல்கள் பதியப்பட்டன. இசைத்துறையின் பெரும்புள்ளியான கிளைவ் டேவிஸ் இக்குழுவில் ஆர்வம் காட்டினார் என்றும், ஆனால் பெயரை மாற்றுமாறு கேட்டார் என்றும் சகோதரர்கள் பின்னாளில் கூறியுள்ளனர். டேவிட் மறுத்துவிட்டார். அத்துடன் வாய்ப்பும் நின்றுபோனது.

1976-ஆம் ஆண்டு ‘பாலிட்டிஷியன்ஸ் இன் மை ஐஸ்’ என்ற பாடலைக் கொண்ட சிறு இசைத்தட்டைச் சகோதரர்கள் தாமே வெளியிட்டனர். அச்சிடப்பட்டவை 500 பிரதிகள். வானொலி அதைக் கண்டுகொள்ளவில்லை. குழு கலைந்தது. சகோதரர்கள் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகருக்குக் குடிபெயர்ந்தனர். பாபியும் டேனிஸும் பின்னர் ரெகே இசைக்குழு ஒன்றை நடத்தினர். டெட்ராய்ட்டுக்குத் திரும்பிய டேவிட், 2000-ஆம் ஆண்டு நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். உலகம் என்றேனும் இப்பாடல்களைத் தேடிவரும் என்று சொல்லி, மூல ஒலிநாடாக்களை அவர் தம் தம்பி பாபியிடம் முன்னரே ஒப்படைத்திருந்தார்.

அவர் சொன்னது நடந்தது. அந்த 500 பிரதிகளில் சில சேகரிப்பாளர்களின் கைக்குப் போய், இணையம் வழியாகப் பாடல் பரவியது. தம் தந்தையின் குரலை அதில் கேட்ட பாபியின் மகன்கள் வியந்தனர். அதுவரை அவர்களுக்கு அப்படியொரு குழு இருந்ததே தெரியாது. 2009-ஆம் ஆண்டு டிராக் சிட்டி நிறுவனம் அந்த ஏழு பாடல்களையும் தொகுப்பாக வெளியிட்டது. 2012-ஆம் ஆண்டு இக்குழுவைப் பற்றி ஆவணப்படமும் வந்தது. ரமோன்ஸின் முதல் தொகுப்பு 1976-இல்தான் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டே பதியப்பட்ட டெத் பாடல்களின் வேகத்தைக் கேட்ட விமர்சகர்கள், பங்கின் வரலாற்றில் ஒரு பக்கம் விடுபட்டிருந்ததை ஒப்புக்கொண்டனர்.

பஸ்காக்ஸ் (போல்டன், மான்செஸ்டர்)

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள போல்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றவர்கள் ஹோவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி. 1976-ஆம் ஆண்டு பிப்ரவரியில், செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவைப் பற்றி இசை இதழில் வந்த ஒரு சிறு விமர்சனத்தைப் படித்து, அவர்களைப் பார்க்கத் தெற்கே பயணம் செய்தனர். பார்த்ததோடு நிற்கவில்லை, அக்குழுவை மான்செஸ்டருக்கு அழைத்துவர ஏற்பாடும் செய்தனர். அதே ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் அந்நிகழ்ச்சி நடந்தது. வந்தவர்கள் சில பத்துப் பேரே. ஆனால் பின்னாளில் ஜாய் டிவிஷன், தி ஸ்மித்ஸ் ஆகிய குழுக்களில் புகழ்பெற்ற சிலர் அந்தச் சிறு கூட்டத்தில் இருந்தனர். தம் குழு முழுமை பெறாததால் டெவோட்டோவும் ஷெல்லியும் அன்று மேடையேறவில்லை. ஜூலை 20-ஆம் நாள் நடந்த இரண்டாவது நிகழ்ச்சியில் பஸ்காக்ஸ் என்ற பெயரில் வாசித்தனர்.

இவர்களுடைய பெரும் பங்களிப்பு ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ என்ற நான்கு பாடல் இசைத்தட்டு. உறவினரிடமும் நண்பர்களிடமும் சுமார் 500 பவுண்டு கடன் வாங்கினர். 1976 டிசம்பர் 28-ஆம் நாள், ஒரே நாளில், மான்செஸ்டரின் இண்டிகோ கூடத்தில் நான்கு பாடல்களையும் பதிந்தனர். நியூ ஹார்மோன்ஸ் என்று தாமே ஒரு நிறுவனப் பெயரைச் சூட்டி, 1977 ஜனவரி இறுதியில் 1,000 பிரதிகள் வெளியிட்டனர். அவை விரைவில் தீர்ந்தன. மீண்டும் மீண்டும் அச்சிட்டதில் விற்பனை 16,000 பிரதிகளைத் தொட்டது. பிரிட்டனில் ஒரு பங்க் குழு தானே வெளியிட்ட முதல் இசைத்தட்டு என இது பொதுவாகக் கூறப்படுகிறது.

இதன் உறையின் பின்புறம் குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முயற்சியில் பதியப்பட்டது, பின்னர் எத்தனை ஒலியடுக்குகள் சேர்க்கப்பட்டன என்ற விவரங்கள் அதில் அச்சிடப்பட்டிருந்தன. கணக்குப் போட்ட வழியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதற்கு இது ஒப்பாகும். இதைச் செய்வதில் மந்திரம் ஏதும் இல்லை என்பதை வாங்கியவர் ஒவ்வொருவரும் உணர்ந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் பிரிட்டன் முழுவதும் நூற்றுக்கணக்கான சிறு வெளியீடுகள் பிறந்தன.

டெவோட்டோ விரைவில் விலகினார். ஷெல்லியே பாடகரானார். அதன்பின் குழுவின் பாடல்கள் கைகூடாத காதலையும் மனக்குழப்பத்தையும் நகைச்சுவை கலந்து சொல்பவையாக மாறின. பாப் பங்கின் இலக்கணம் பெரும்பாலும் இங்குதான் உருவானது. 1978-ஆம் ஆண்டு ‘எவர் ஃபாலன் இன் லவ்’ என்ற பாடல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 12-ஆம் இடம் வரை சென்றது. ஷெல்லி 2018-ஆம் ஆண்டு மறைந்தார்.

அண்டர்டோன்ஸ் (டெர்ரி)

வடக்கு அயர்லாந்தின் டெர்ரி நகரம் 1970களில் கலவர பூமியாக இருந்தது. 1972 ஜனவரி 30-ஆம் நாள், உரிமைப் பேரணி ஒன்றில் பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் அங்கே அன்றே 13 பேர் உயிரிழந்தனர். தெருக்களில் படைவீரர்களும் தடுப்புச் சோதனைகளும் இருந்த அந்நகரில், பெரிய இசைக்குழுக்கள் வந்து வாசிப்பது அரிது. அங்குதான் ஜான் ஓ'நீல், அவர் தம்பி டேமியன் ஓ'நீல், மைக்கேல் பிராட்லி, பில்லி டோஹர்ட்டி, ஃபியர்கல் ஷார்க்கி ஆகிய இளைஞர்கள் சேர்ந்து அண்டர்டோன்ஸ் குழுவை அமைத்தனர். காஸ்பா என்னும் உள்ளூர் மதுக்கூடம் அவர்களுடைய மேடையாயிற்று.

பெல்ஃபாஸ்ட் நகரில் டெர்ரி ஹூலி என்பவர் குட் வைப்ரேஷன்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையை நடத்திவந்தார். கத்தோலிக்கர், புரோட்டஸ்டண்ட் என்ற பிரிவினை பாராமல் இளைஞர்கள் கூடிய இடம் அது. கடையின் பெயரிலேயே அவர் சிறு வெளியீட்டு நிறுவனத்தையும் தொடங்கினார். அண்டர்டோன்ஸின் நான்கு பாடல்கள் 1978 ஜூனில் பெல்ஃபாஸ்ட்டின் விஸார்ட் கூடத்தில் பதியப்பட்டன. அவற்றுள் ஒன்று ‘டீனேஜ் கிக்ஸ்’. ஹூலி அதை லண்டனுக்கு எடுத்துச் சென்றார். நிறுவனங்கள் ஆர்வம் காட்டவில்லை.

திருப்பத்தை ஏற்படுத்தியவர் பி.பி.சி. வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல். புதியவர்கள் அனுப்பும் இசைத்தட்டுகளைப் பொறுமையாகக் கேட்டு ஒலிபரப்புவது அவர் வழக்கம். 1978 செப்டம்பரில் ‘டீனேஜ் கிக்ஸ்’ பாடலை ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து இரண்டு முறை ஒலிபரப்பினார். அமெரிக்காவின் சைர் நிறுவனம் உடனே குழுவை ஒப்பந்தம் செய்தது. மறுவெளியீடு விற்பனைப் பட்டியலில் 31-ஆம் இடத்தைப் பெற்றது. பீல் 2004-ஆம் ஆண்டு இறந்தார். அவர் விருப்பப்படி அப்பாடலின் ஒரு வரி அவருடைய கல்லறைக் கல்லில் பொறிக்கப்பட்டது.

டெர்ரியில் வாழ்ந்தும் கலவரத்தைப் பாடாமல் பதின்பருவக் காதலைப் பாடுகிறார்களே என்று இக்குழுவைக் குறைகூறியவர்கள் உண்டு. துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவிலும் பதினேழு வயதுக்குரிய வாழ்வை வாழ முயன்றதே அவர்கள் தந்த பதில் எனலாம். 1981-இல் வந்த ‘இட்ஸ் கோயிங் டு ஹேப்பன்’ பாடலில், சிறைக் கைதிகளின் உண்ணாவிரதப் போராட்டத்தை மறைமுகமாகத் தொட்டனர். 1983-இல் குழு கலைந்தது.

தி கிளீன் (டனீடன்)

நியூசிலாந்தின் தென்தீவில் உள்ள டனீடன், ஒட்டாகோ பல்கலைக்கழகம் அமைந்த மாணவர் நகரம். லண்டனிலிருந்து உலகின் மறுகோடி. புதிய இசைத்தட்டுகள் அங்கு வந்துசேரக் காலதாமதமாகும். வந்தவற்றை இளைஞர்கள் திரும்பத் திரும்பக் கேட்டு, விடுபட்டதைத் தம் கற்பனையால் நிரப்பிக்கொண்டனர்.

1978-ஆம் ஆண்டு ஹமிஷ், டேவிட் கில்கூர் என்னும் சகோதரர்கள் நண்பர் பீட்டர் கட்டரிஜுடன் தி கிளீன் குழுவைத் தொடங்கினர். 1980-இல் ராபர்ட் ஸ்காட் சேர்ந்த பிறகு குழு நிலைபெற்றது. பங்கின் எளிமையும், 1960களின் கிதார் ஒலியின் மினுமினுப்பும் இவர்கள் இசையில் கலந்தன. இவ்வொலியே பின்னர் ‘டனீடன் ஒலி’ எனப்பட்டது.

கிறைஸ்ட்சர்ச் நகரில் இசைத்தட்டுக் கடை ஒன்றில் பணியாற்றிய ரோஜர் ஷெப்பர்ட் 1981-இல் ஃப்ளையிங் நன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் வழியே வந்த கிளீனின் முதல் பாடல் ‘டாலி ஹோ’. பதிவுக்கு ஆன செலவு சுமார் 50 நியூசிலாந்து டாலர் மட்டுமே. அது நாட்டின் விற்பனைப் பட்டியலில் 19-ஆம் இடத்துக்கு ஏறியது. அதே ஆண்டில், கிறிஸ் நாக்ஸ், டக் ஹுட் ஆகியோரின் உதவியுடன் நான்கு தடங்கள் கொண்ட சிறிய பதிவுக்கருவியில் ‘பூடில் பூடில் பூடில்’ தொகுப்பு உருவானது. இது 5-ஆம் இடத்தைப் பெற்றதுடன் பல மாதங்கள் பட்டியலில் நீடித்தது. வீட்டில் வைத்துப் பதியப்பட்ட இசை, பெருங்கூடங்களில் உருவான இசைக்கு நிகராக நிற்க முடியும் என்பது உறுதியாயிற்று. அமெரிக்காவின் பேவ்மென்ட், யோ லா டெங்கோ போன்ற குழுக்கள் பின்னர் கிளீனைத் தம் முன்னோடியாகப் போற்றின.

டிசென்டன்ட்ஸ் (தெற்குக் கலிஃபோர்னியா)

லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊர்களில் 1970களின் இறுதியில் தோன்றிய குழு டிசென்டன்ட்ஸ். இதன் டிரம்ஸ் கலைஞர் பில் ஸ்டீவன்சன் அப்போது பள்ளி மாணவர். 1980-இல் மைலோ ஆக்கர்மன் பாடகராகச் சேர்ந்தார். மூக்குக்கண்ணாடி அணிந்த, படிப்பில் கெட்டிக்காரரான மைலோ, பங்க் பாடகர் என்றதும் மனத்தில் எழும் தோற்றத்துக்கு நேர்மாறானவர்.

1982-இல் வந்த முதல் தொகுப்பின் பெயர் ‘மைலோ கோஸ் டு காலேஜ்’. பெயர் வேடிக்கைக்காக வைத்ததன்று. மைலோ உண்மையிலேயே உயிரியல் படிக்கக் கல்லூரிக்குச் செல்லவிருந்தார். அதை அறிவிக்கும் தலைப்பு அது. பதினைந்து பாடல்களும் சேர்ந்து 23 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தனிமை, பெற்றோர், கேலிக்கு ஆளாதல், நிராகரிப்பு என ஒரு மாணவனின் நாட்குறிப்பைப் போன்றவை அவை. மைலோ பின்னர் முனைவர் பட்டம் பெற்று ஆராய்ச்சியாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். இடையிடையே குழுவுக்குத் திரும்பிப் பாடினார். கல்வியையும் இசையையும் கைவிடாத இவ்வாழ்வு, கலகமே பங்க் என்ற எண்ணத்துக்குப் புதிய பொருள் தந்தது. பிளிங்க்-182 உள்ளிட்ட பிற்காலக் குழுக்கள் பலவும் இத்தொகுப்புக்குக் கடன்பட்டவை.

ஹஸ்கர் டூ (செயின்ட் பால்)

மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் 1979-இல் தொடங்கப்பட்ட குழு இது. கிதார் வாசித்த பாப் மோல்ட் மக்காலஸ்டர் கல்லூரி மாணவர். டிரம்ஸ் வாசித்த கிராண்ட் ஹார்ட் இசைத்தட்டுக் கடையில் வேலை செய்தவர். கிரெக் நார்ட்டன் பேஸ் கிதார் வாசித்தார். ஸ்காண்டினேவிய மொழியில் ‘நினைவிருக்கிறதா?’ என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒரு விளையாட்டிலிருந்து குழுவின் பெயர் எடுக்கப்பட்டது. அது ஞாபகசக்தியைச் சோதிக்கும் விளையாட்டு.

தொடக்கத்தில் அமெரிக்காவிலேயே மிக விரைவாக வாசிக்கும் குழுக்களில் ஒன்றாக இது அறியப்பட்டது. பின்னர் அந்த இரைச்சலுக்குள் இனிய மெட்டுகளைச் சேர்த்தது. 1983-இல் கலிஃபோர்னியாவில் பதியப்பட்டு, 1984 ஜூலையில் எஸ்.எஸ்.டி. நிறுவனம் வெளியிட்ட ‘ஜென் ஆர்கேட்’ இக்குழுவின் சிகரம். இரண்டு தட்டுகளில் 23 பாடல்கள். வீட்டைவிட்டு ஓடும் சிறுவன் ஒருவன் வெளியுலகம் அதைவிடக் கொடியது என்று உணரும் கதை அது. செலவு 3,200 டாலர். பெரும்பாலான பாடல்கள் முதல் முயற்சியிலேயே பதியப்பட்டன. முதலில் சில ஆயிரம் பிரதிகளே அச்சிடப்பட்டதால் அவை உடனே தீர்ந்து, குழு ஊர் ஊராக வாசித்துச் சென்றபோது கடைகளில் தட்டு கிடைக்கவில்லை.

அடுத்து வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து 1986-இல் முதல் வெளியீட்டைத் தந்தனர். உறுப்பினர்களிடையே மனக்கசப்பு முற்றி 1988-இல் பிரிந்தனர். தொடக்கக் காலப் பதிவுகள் பலவற்றைக் குழுவின் நண்பரும் ஒலிப்பொறியாளருமான டெர்ரி கட்ஸ்மன் பாதுகாத்து வைத்திருந்தார். அவற்றைக் கொண்டு 69 பாடல்கள் அடங்கிய தொகுப்பு 2017 நவம்பரில் வெளிவந்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் கிராண்ட் ஹார்ட் மறைந்திருந்தார்.

ஷோனென் நைஃப் (ஒசாகா)

1981 டிசம்பரில் ஜப்பானின் ஒசாகா நகரில் நவோகோ யமானோ, அவர் தங்கை அட்சுகோ யமானோ, தோழி மிச்சியே நகாத்தானி ஆகிய மூன்று பெண்கள் இக்குழுவை அமைத்தனர். ஒரு பேனாக்கத்தியின் வணிகப்பெயரே குழுவின் பெயராயிற்று. அலுவலக வேலை பார்த்துக்கொண்டே, கிடைத்த நேரத்தில் வாசித்தனர். ரமோன்ஸின் வேகமும் பீட்டில்ஸின் இனிமையும் இவர்கள் இசையில் உண்டு. உணவுப் பண்டங்கள், விலங்குகள், மிதிவண்டி போன்றவை பாடுபொருள். கோபமே பங்கின் உணர்ச்சி என்றிருந்த காலத்தில் மகிழ்ச்சியும் அதற்குரியதே என்று காட்டியவர்கள் இவர்கள்.

1983-இல் ‘பர்னிங் ஃபார்ம்’ தொகுப்பு ஜப்பானில் வெளிவந்தது. 1985-இல் அமெரிக்காவின் ஒலிம்பியா நகரில் இருந்த கே ரெக்கார்ட்ஸ் என்னும் சிறு நிறுவனம் அதை ஒலிநாடாவாக வெளியிட்டது. ஒலிம்பியாவில் சில ஆண்டுகள் வாழ்ந்த கர்ட் கோபேன், கே நிறுவனத்தின் சின்னத்தைக் கையில் பச்சை குத்திக்கொள்ளும் அளவுக்கு அதை நேசித்தவர். ஷோனென் நைஃபின் ரசிகராகவும் ஆனார். 1991-இல் நிர்வாணா பிரிட்டனில் சுற்றுப்பயணம் செய்தபோது இப்பெண்கள் தொடக்க நிகழ்ச்சியாக வாசித்தனர். ஒரு ஒலிநாடாவே அவர்களைக் கடல் கடத்திக் கொண்டுசேர்த்தது.

பொதுக்கூறுகள்

இக்குழுக்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று அறியாமலே தொடங்கியவை. எனினும் சில ஒற்றுமைகளைக் காணலாம்.

முதலாவது, குடும்பமும் நட்பும். ஏழில் நான்கு குழுக்களில் உடன்பிறந்தோர் இருந்தனர். சம்பளம் கொடுத்துக் கலைஞரை அமர்த்த முடியாத நிலையில் வீட்டில் உள்ளவரே வாசிப்பவர் ஆயினர்.

இரண்டாவது, இசைத்தட்டுக் கடை. பெல்ஃபாஸ்ட்டில் ஹூலி, கிறைஸ்ட்சர்ச்சில் ஷெப்பர்ட், செயின்ட் பாலில் ஹார்ட் ஆகியோர் கடையோடு தொடர்புடையவர்கள். ஊருக்குள் எந்த இளைஞன் எதைத் தேடுகிறான் என்பதைத் தலைநகரில் இருந்த மேலாளரைவிடக் கடைக்காரர் நன்கு அறிந்திருந்தார்.

மூன்றாவது, பிறர் பாடலைக் கேட்கத் தயாராக இருந்த ஒருவர். அண்டர்டோன்ஸுக்கு ஜான் பீல் இருந்தார். டெத் குழுவுக்கு அப்படி ஒருவர் 1976-இல் கிடைக்கவில்லை. இரு குழுக்களின் வாழ்வும் வேறுபட்டதற்குத் திறமையைவிட இதுவே பெரிய காரணம்.

பின்விளைவு

1991 செப்டம்பரில் வெளிவந்த நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ 1992 ஜனவரியில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1994-இல் கிரீன் டேயின் ‘டூக்கி’ வெளிவந்து பெரும் விற்பனை கண்டது. அதுவரை ஓரத்தில் இருந்த இசை நடுவீதிக்கு வந்தது. தம் இசை புதிதன்று, ஹஸ்கர் டூ முன்னரே செய்ததுதான் என்ற பொருள்பட நிர்வாணாவின் கிறிஸ்ட் நொவோசெலிக் கூறியுள்ளார். கிரீன் டே, ஹஸ்கர் டூவின் பாடலொன்றைத் தாமே பாடிப் பதிந்தது. 1994 தொடக்கத்தில் நிர்வாணாவின் ஐரோப்பியப் பயணத்தில் பஸ்காக்ஸ் உடன் வாசித்தது. பின்வந்தவர்கள் முன்னோரை மறைக்கவில்லை. ஆயினும் புகழும் பொருளும் பெரும்பாலும் பின்வந்தவர்களையே சேர்ந்தன.

மதிப்பீடு

இம்முன்னோடிகளுக்கு இன்று ஒரு வரலாறு இருப்பதற்குக் காரணம், அவர்கள் வாசித்ததோடு நில்லாமல் பதிந்தும் வைத்ததே. இதே ஊர்களில் இவர்களைப் போலவே வாசித்து, எதையும் பதியாமல் கலைந்துபோன குழுக்கள் பல இருந்திருக்கும். அவற்றின் பெயர்கூட எஞ்சவில்லை. 500 பிரதிகள், 1,000 பிரதிகள், 50 டாலர் பதிவு என்பவை வணிகக் கணக்கில் அற்பமானவை. ஆனால் டெட்ராய்ட்டின் 500 தட்டுகளில் சில, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, பாடியவரின் பிள்ளைகளிடமே திரும்பி வந்தன.

பெயரை மாற்றியிருந்தால் டேவிட் ஹாக்னி தம் வாழ்நாளிலேயே புகழைக் கண்டிருக்கக்கூடும். அவர் மாற்றவில்லை, ஒலிநாடாவை மட்டும் பத்திரப்படுத்தினார். அவர் தம்பியும் அதைக் காத்தார். இழப்பும் வெற்றியும் ஒன்றாகக் கலந்த அந்த வரலாறு, இவ்விசையின் தொடக்கக் காலம் முழுவதற்கும் பொருந்தும். செயின்ட் பால் இளைஞர்கள் வேடிக்கையாகச் சூட்டிக்கொண்ட ‘நினைவிருக்கிறதா?’ என்ற பெயர், இந்த ஏழு குழுக்களும் பிற்காலத்தை நோக்கிக் கேட்ட கேள்வியாகவே இன்று ஒலிக்கிறது.